இருபத்தைந்து நாள் கணக்கு

கீரைக்கார அம்மா கூடையை வாசல்படியில் இறக்கி, ஈரச் சாக்கை விலக்கி, ஒரு கட்டுச் சிறுகீரையை எடுத்து நீட்டினார். இலைகளில் அங்கங்கே ஓட்டை.

"என்னம்மா, புழு தின்ன மிச்சமா?" என்றேன்.

"புழு தின்னா நல்லதுதான் சார். மருந்தடிச்ச கீரைய புழு தொடுமா?"

பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டு உடனே இரண்டு கட்டு வாங்கிக்கொண்டார். ஓட்டை விழுந்த கீரைதான் மருந்தடிக்காத கீரை என்பது நகரத்தில் இப்போது ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இலையில் விழுந்த ஓட்டை ஆறி மூடாது. புழு தின்ற மறுநாள் மருந்தடித்தாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஓட்டையை வைத்து மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பூச்சி, எத்தனை நாளுக்கு முன் வந்தது என்பதை வேண்டுமானால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஓரத்திலிருந்து பெரிதாகக் கடித்திருந்தால் வெட்டுக்கிளி. மேல்தோல் மட்டும் கண்ணாடித்தாள் போல மிஞ்சியிருந்தால் சின்னப் புழு. இலைக்குள்ளேயே வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து, சிக்குக்கோலம் போலப் போயிருந்தால் இலைத்துளைப்பான். இரண்டு இலை நூலால் ஒட்டிக்கொண்டிருந்தால் இலைப்பிணைப்புப் புழு. நம் ஊர்க் கீரைப் பாத்திகளுக்கு இதைவிடப் பெரிய வில்லன் கிடையாது.

கத்தரிக்காயையும் கீரையையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. கத்தரியில் தெளிப்பது செடிமேல், தின்பது காய். கீரையில் தெளிப்பதும் இலைமேல், தின்பதும் அதே இலை. தோல் சீவ முடியாது. தவிர, ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் அடித்த நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் நடுவே இத்தனை நாள் விடவேண்டும் என்று கணக்கு உண்டு. விதைத்து 22, 25 நாளில் பிடுங்கிவிடும் பயிரில் அந்த நாட்களுக்கு எங்கே போவது? மானோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாது என்று 2005-இல் மத்திய அரசு தடை போட்டது. அந்த மாதிரி மருந்துகள் செடியின் சாற்றிலேயே கலந்து ஓடுபவை. எத்தனை முறை அலசினாலும் உள்ளே போனது வெளியே வராது.

ஆக, கீரையில் பூச்சியைச் சமாளிப்பது என்பது முதலில் நாள் கணக்கு. எந்தக் கரைசலை அடிப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரவேண்டும். நம்மவர்கள் நேரே கரைசலுக்குப் போய்விடுகிறார்கள்.

விடியற்காலையில் ஒரு தண்டுக்கீரைப் பாத்தி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். இலை சற்றே சுருண்டு, அதன் ஓரம் பக்கத்து இலையோடு ஒட்டியிருக்கும். மெதுவாகப் பிரித்தால் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் அறுபடும். உள்ளே கசகசா போல் கறுப்பாகப் புழுவின் எச்சம். நடுவில் பச்சைக் கண்ணாடியாக ஒரு புழு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. தொட்டதும் துள்ளும், நெளியும், பின்பக்கமாக ஓடும், கடைசியில் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கிவிடும். முழுதாக வளர்ந்தால் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். இதன் தாய் ஒரு சின்ன அந்துப்பூச்சி. காப்பிக்கொட்டை நிறச் சிறகில் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடும். பகலில் பாத்திக்குள் நடந்தால் காலடியிலிருந்து படபடவென்று எழுந்து நாலடி தள்ளி இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். உயிரியல் பெயர் ஸ்போலாடியா ரிகர்வாலிஸ்.

இலையின் அடிப்பக்கம், நரம்பை ஒட்டி முட்டை. மூன்று நான்கு நாளில் பொரியும். இரண்டு வாரம் புழு. பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி எட்டு, பத்து நாள். மொத்தத்தில் ஏறக்குறைய 25 நாள். சிறுகீரைக்கும் அதே ஆயுள்தான்.

சிறுகீரை விதைத்துப் பத்தாம் நாள் அந்துப்பூச்சி வந்து முட்டையிட்டது என்று வையுங்கள். பதின்மூன்றாம் நாள் வாக்கில் புழு வெளியே வரும். 22-ஆம் நாள் நீங்கள் வேரோடு பிடுங்கும்போது அது பாதி வளர்ந்த புழுதான். மண்ணுக்குள் இறங்க இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது. பிடுங்கிய கட்டோடு அந்தத் தலைமுறையே பாத்தியை விட்டு வெளியேறிவிடுகிறது. இதையே 30-ஆம் நாள் வரை விட்டு வைத்தால், விலை ஏறட்டும் என்று காத்திருந்தால், புழு மண்ணுக்குள் போய்விடும். அடுத்த விதைப்பு முளைத்து இலை விரிக்கும் வேளையில் மேலே வந்து நிற்கும்.

அரைக்கீரை, தண்டுக்கீரையில் பூச்சித் தொல்லை ஏன் கூடுதல் என்பதும் இதில் விளங்கிவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள அது மாதக்கணக்கில் நிற்கும். தண்டுக்கீரை ஒன்றரை, இரண்டு மாதம். புழுவுக்கு இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை எல்லாம் ஒரே வீட்டில் நடந்துவிடுகிறது. தண்டு தடித்தபின் கூன்வண்டு வேறு வந்து தண்டுக்குள் முட்டை வைக்கும். உள்ளே புழு குடைந்து, தண்டு வீங்கி வெடிக்கும். அதை எந்தக் கரைசலும் தொடாது. அந்தச் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போடவேண்டியதுதான்.

கீரை வியாபாரத்தில் தினமும் கட்டு வேண்டும். அதனால் தினம் ஒரு பாத்தி விதைப்பார்கள். ஒரே நிலத்தில் முளைக்கும் பாத்தி, பாதி வளர்ந்த பாத்தி, பிடுங்கும் பாத்தி என்று வரிசையாக இருக்கும். அந்துப்பூச்சிக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை. ஒரு வீடு காலியானால் பக்கத்திலேயே புதுவீடு தயார். நடுவில் வேறு குடும்பத்துக் கீரையைப் போடவேண்டும். இங்கேதான் ஒரு பிழை நடக்கிறது. சிறுகீரைக்குப் பக்கத்தில் பாலக் போட்டுவிட்டு, மாற்றுப் பயிர் போட்டாயிற்று என்று நினைத்துக்கொள்வார்கள். பாலக் என்பது பீட்ரூட்டுக்கு உடன்பிறப்பு. பீட்ரூட், சக்கரவர்த்திக் கீரை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை எல்லாவற்றையும் தாவரவியலார் இன்று ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். தாவரவியல் படிக்காத இலைப்பிணைப்புப் புழுவும் பாலக்கையும் பீட்ரூட்டையும் தண்டுக்கீரையைப் போலவே தின்னும். வெந்தயம் பயறு வகை, கொத்தமல்லி சீரகத்துக்குச் சொந்தம், மணத்தக்காளி கத்தரி வீட்டுப் பிள்ளை, புளிச்சகீரை வெண்டைக்கு உறவு. நடுவில் வரவேண்டியவை இவைதான்.

வரப்பையும் பார்க்கவேண்டும். அங்கே தானாக முளைக்கும் குப்பைக்கீரையும் சாரணையும் இதே புழுவுக்கு விருந்து. பாத்தியைச் சுத்தமாக வைத்துவிட்டு வரப்பில் சாரணை படர விட்டால், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

அந்துப்பூச்சி விளக்குக்கு வரும். விளக்குப்பொறி வைப்பவர்கள் இருட்டிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்தோடு அணைத்துவிடுவது நல்லது. விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து சேர்ந்து விழும். மாடித் தோட்டக்காரர்களுக்கு இன்னும் எளிய வழி கொசுவலை. கீரைக்குப் பூ வேண்டாம், மகரந்தம் வேண்டாம். விதைத்த அன்றே வளைந்த குச்சிகள்மேல் வலையைப் போட்டு ஓரங்களை மண்ணில் புதைத்துவிட்டால் அறுவடை வரை திறக்கவே தேவையில்லை. ஆனால் போன தடவை புழு வந்த அதே மண்ணில் வலை போடாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வலைக்குள்ளேயே அந்துப்பூச்சியாகி, எதிரியின் பயம் இல்லாமல் முட்டையிடும். முதலில் மண்ணைக் கிளறி வெயிலில் காயவிடவேண்டும். கோழி இருந்தால் அவிழ்த்துவிடலாம். நம்மைவிட அது நன்றாகத் தேடும்.

அசுவினி வேறு ரகம். இதற்கு முட்டை, புழு, கூடு என்ற சடங்கெல்லாம் இல்லை. நம் வெப்பத்தில் பெரும்பாலும் பெண்களே ஆண் துணையின்றி நேரடியாகக் குட்டி போடும். பிறக்காத குட்டியின் வயிற்றுக்குள் அதன் குட்டிகள் ஏற்கெனவே உருவாகத் தொடங்கியிருக்கும். பிறந்து ஒரு வாரத்தில் அதுவும் தாய். இலைப்பிணைப்புப் புழுவோடு நாள் கணக்குப் பார்த்து ஆடலாம். அசுவினியோடு அந்த ஆட்டம் செல்லாது, 25 நாளில் அது மூன்று தலைமுறை பார்த்துவிடும். அசுவினிக்கு அசுவினியைத் தின்பவர்கள்தான் வேண்டும்.

என் மொட்டைமாடியில் நான் அந்தத் தின்பவர்களையே கொன்றிருக்கிறேன். தொட்டியில் இருந்த தண்டுக்கீரையின் கொழுந்தில் அசுவினி அப்பியிருந்தது. அதற்கு நடுவே கறுப்பாக, முதலைக் குட்டி மாதிரி நீளமாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு அரை அங்குலத்தில் ஏதோ ஊர்ந்தது. பார்த்தாலே பயம். 'இதுதான் பெரிய பூச்சி போல' என்று ஒரு டஜனைப் பொறுக்கி நசுக்கினேன். பெருமையாக வீட்டிலும் சொன்னேன். ஒரு வாரத்தில் கீரை முழுக்க அசுவினி, இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதை நக்க எறும்பு வரிசை. நான் நசுக்கியது பொறிவண்டின் இளம்புழு என்று ஒரு புத்தகப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அழகாகச் சிவப்பில் புள்ளி வைத்திருக்கும் பொறிவண்டை யாரும் கொல்வதில்லை. அதைவிட அதிகமாகத் தின்னும் பிள்ளைப் பருவத்தில் அது அசிங்கமாக இருக்கிறது, அதுதான் அதன் கேடு. ஒரு இளம்புழு வளர்ந்து முடிப்பதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும்.

இன்னொன்றும் அப்போது கற்றேன். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பிப் போய், பொன்னிறத்தில், அசையாமல் இருக்கும். அவை செத்தவை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி உள்ளே முட்டை வைத்து, அதன் பிள்ளை அசுவினியை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது. அந்த உப்பிய அசுவினிகள் கண்ணில் பட்டால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் பொறுப்பது மேல். பொறுக்க முடியாதவர்கள் தண்ணீர்க் குழாயை விரலால் அழுத்திப் பீய்ச்சி அடிக்கலாம். கீழே விழுந்த அசுவினிகளில் பாதி திரும்ப ஏறி வராது.

இந்தத் தின்னிகளை ஊரிலேயே குடியமர்த்த வரப்போரம் இரண்டு வரிசை சோளம் அல்லது மக்காச்சோளம் போடுவது நல்ல யோசனை. சோளத்து அசுவினி புல்லினச் செடிகளோடு நின்றுகொள்ளும், கீரைக்குத் தாவாது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கீரையில் அசுவினி தலைகாட்டும்போது சாப்பாட்டுக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கும்.

அசுவினி ஏன் சில பாத்திகளில் மட்டும் கூட்டமாக வருகிறது? பெரும்பாலும் நாம் போட்ட சோறுதான் காரணம். தழைச்சத்து அளவுக்கு மீறினால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கும். சாற்றில் அமினோ அமிலங்கள் கூடும். அசுவினிக்கு அதுதான் வேண்டும். யூரியா போடுபவரைக் குறை சொல்லும் நாம், கடலைப் பிண்ணாக்குக் கரைசலையும் மீன் அமிலத்தையும் வாரா வாரம் ஊற்றினால் நடப்பதும் அதேதான். தழைச்சத்து எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று அசுவினி விசாரிப்பதில்லை.

இனி வேம்பு. நெல் குதிருக்குள் வேப்பிலை போட்டவர்களுக்கு அது புதிதல்ல. ஆய்வுக்கூடம் அதைக் கவனித்தது வெட்டுக்கிளியால். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை வந்து எல்லா மரத்தையும் மொட்டையடித்தபோது வேப்ப மரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியர் பார்த்தார். 1962-இல் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். பிரதானும் கூட இருந்தவர்களும் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி இறங்கியது, ஆனால் தின்னவில்லை. 1968-இல் இங்கிலாந்தில் அதிலிருந்து அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு வடிவம் சரியாகத் தெரிய 1985 ஆனது. அதைச் செயற்கையாகச் செய்துபார்க்க கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007-இல்தான் முடிந்தது. அவ்வளவு சிக்கலான பொருளை நம் தெருவோர மரம் வருஷா வருஷம் ஆனி, ஆடியில் தரையில் உதிர்த்துவிட்டுப் போகிறது.

அசாடிராக்டின் அடித்தவுடன் சாகடிப்பதில்லை. இது புரியாமல் "வேப்பங்கொட்டை கேட்கல" என்று கைவிட்டவர்கள் நிறைய. முதலில் அது வாயைக் கட்டுகிறது. தெளித்த இலையைப் புழு முகர்ந்துவிட்டு அரைகுறையாகத் தின்னும். உள்ளே கொஞ்சம் போனாலும் தோலுரிக்கத் தேவையான சுரப்பு குலைந்துவிடும். புழு வளர்வதற்குச் சட்டை மாற்றியாகவேண்டும். பழைய சட்டை பாதி கழன்று பாதி கழலாமல் சிக்கிக்கொண்டு, தலையில் தொப்பி போல ஒட்டியிருக்க, அப்படியே வாடிச் சாகும். இதற்குச் சில நாட்கள், ஒரு வாரம்கூட ஆகும். தோலுரித்து வளரும் பருவத்தில்தான் இது முழுதாக வேலை செய்யும் என்பதால் சின்னப் புழுவாக இருக்கும்போதே அடிக்கவேண்டும். இலை பிணைந்து புழு உள்ளே உட்கார்ந்த பிறகு கரைசல் உள்ளே போகாது.

ஐந்து சதவீதக் கரைசலுக்கு ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. பழத்தின் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்த கொட்டையின் ஓட்டை நீக்கி, எண்ணெய் பிரியாத அளவுக்கு இடித்துத் துணியில் முடிந்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் பிழிந்தால் தேங்காய்ப் பால் மாதிரி வெள்ளையாக வரும். வெள்ளையாக வராமல் பழுப்பாக வந்தால் கொட்டை பழசு. மூன்று மாதம் ஆறிய கொட்டை நல்லது, எட்டு பத்து மாதத்தைத் தாண்டினால் வீரியம் போய்விடும். கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். சூரியனின் புற ஊதாக் கதிர் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும் என்பதால் மாலை நாலரைக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்கவேண்டும். உச்சிவெயிலில் தெளிப்பது வாய்க்காலில் ஊற்றுவதற்குச் சமம்.

கீரைக்கு இதில் ஒரு சிக்கல், கசப்பு. கடைசி வாரத்தில் அடித்தால் பொரியலில் தெரியும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாக நிறுத்தவேண்டும். முளைத்து இலை விரியும் எட்டாம் நாளுக்கு முன் அடித்தும் பயனில்லை. ஆக 22 நாள் பயிரில் வேம்புக்கு இடம் எட்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரைதான். அதற்குள் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. இருபதாம் நாள் புழுவைப் பார்த்துவிட்டு வேப்பங்கொட்டையைத் தேடி ஓடுவதைவிட அன்றே கீரையைப் பிடுங்கிவிடலாம்.

கடைசி வாரத்தில்தான் புழு தெரிகிறது, ஆனால் பயிரை விட்டு வைக்கவேண்டும் என்றால் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா உண்டு. 1901-இல் ஜப்பானில் இஷிவாடா என்பவர் செத்த பட்டுப்புழுவில் கண்டது. 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியாவைச் சேர்ந்த மாவு அந்துப்பூச்சியில் பெர்லினர் கண்டு, பிறகு பெயர் வைத்தது. அதன் புரதப் படிகம் புழுவின் காரமான குடலில் கரைந்து சுவரில் துளை போடும். நம் வயிற்றில் அமிலம், குடலில் அந்தப் புரதம் ஒட்டும் இடமும் இல்லை. தின்ற சில மணி நேரத்தில் புழு வாயை மூடிவிடும், ஓரிரு நாளில் சாகும். ஆனால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் மல்பெரித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் இதை எடுக்காதீர்கள். பட்டுப்புழுவில் கண்ட நோய் பட்டுப்புழுவை மறக்காது.

மற்றக் கரைசல்களைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் போன்றவர்கள் 'பூச்சிக்கொல்லி' என்ற சொல்லுக்குப் பதிலாகப் 'பூச்சிவிரட்டி' என்ற சொல்லைப் பரப்பினார்கள். நல்ல சொல். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துக் கரைத்தது அந்தப் பெயருக்குப் பொருந்தும். ஆனால் அதே பெயரில் எருக்கு, ஊமத்தை, புகையிலை எல்லாம் ஒரே பானையில் ஊறுகின்றன. ஊமத்தையில் அட்ரோபின் இருக்கிறது, எருக்கில் இதயத்தைத் தாக்கும் பொருள் இருக்கிறது, புகையிலையின் நிக்கோட்டின் சுத்தமான நரம்பு நஞ்சு. பருத்தியிலோ தென்னையிலோ அடிப்பது வேறு விஷயம். நாலு நாளில் சட்டிக்குள் போகும் இலையில் இவற்றுக்கு இடமில்லை என்பது என் கட்சி. மாட்டுச் சாணமும் கோமியமும் கலந்த கரைசல்களை மண்ணுக்குக் கொடுங்கள், இலைமேல் வேண்டாம். சிறுகீரை கொதியில் வெந்துவிடும், கிருமி போய்விடும். புதினாவும் கொத்தமல்லியும் பச்சையாகவே சட்னிக்குள் போகின்றனவே!

சாம்பலைச் சொல்லாவிட்டால் பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். விறகடுப்புச் சாம்பலைச் சலித்து, பனி ஈரம் இருக்கும் விடியலில் இலைமேல் தூவுவார்கள். பூச்சியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகுப் படலத்தை அது சுரண்டி, ஈரத்தை உறிஞ்சும். சின்ன வண்டுகளும் அசுவினியும் விலகும். மழை வந்தால் போச்சு. விதைத்த அன்று எறும்பு கீரை விதையைத் தூக்கிப் போகாமலிருக்க விதையோடு கொஞ்சம் ரவை கலந்து தூவும் வழக்கமும் உண்டு. எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு போக, விதை தப்பிக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஒன்றிரண்டு புழு கட்டோடு வீட்டுக்கு வரத்தான் செய்யும். அன்று நான் வாங்கிய ஓட்டைக் கீரையை என் அம்மா முறத்தில் பரப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஆய ஆரம்பித்தார். ஒவ்வொரு இலையையும் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். நூல் கட்டிய இலை தனியாகப் போனது, பழுத்தது தனியாகப் போனது, தண்டு ஒடித்துப் பார்த்து முற்றல் தனியாகப் போனது. ஆய்ந்ததை மஞ்சளும் கல்லுப்பும் போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தார். ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பச்சைப் புழு பிடியை விட்டு மேலே மிதந்தது. கரண்டிக் காம்பால் அதை எடுத்து ஜன்னல் ஓரத் தொட்டியில் போட்டுவிட்டு, "பாதிப் புழுதான். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கட்டு பூரா நூல் கட்டியிருக்கும்" என்றார். அந்துப்பூச்சியின் பெயரை நான் சொன்னேன். காதில் வாங்கிக்கொள்ளாமல் பாசிப்பருப்பைக் களைந்துகொண்டிருந்தார்.